பெண் முயலுக்கும் செய்யுங்கள்

“ஆணுக்குக் கருத்தடை செய்தாகிவிட்டது. இனிக் குட்டி பிறக்கப் போவதில்லை. பெண்ணின் வயிற்றை எதற்காகக் கிழிக்க வேண்டும்?”

ஜோடியாக முயல் வளர்க்க நினைப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பவர்கள் முயல்மேல் பாசம் இல்லாதவர்கள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. பாசம் இருப்பதால்தான் தயங்குகிறார்கள். ஆண் முயலுக்குச் செய்வது சிறிய அறுவை. பெண்ணுக்கு வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஒரு கையில் அடங்கும் உடம்பு, அதற்கு மயக்க மருந்து என்றால் யாருக்கும் மனம் பதறத்தான் செய்யும். இருந்தாலும் என் பதில் மாறாது. இரண்டு முயல்கள் ஒரே இடத்தில் வாழப் போகின்றன என்றால் இரண்டுக்கும் செய்ய வேண்டும். குட்டி பிறக்காமல் தடுப்பது இந்த அறுவையின் பலன்களில் ஒன்று. என் கணக்கில் அது முதலாவதாக வராது. இரண்டும் ஒன்றையொன்று கடிக்காமல் வாழ்வதும், பெண் முயல் தன் முழு ஆயுளை வாழ்வதும் அதற்கு முன்னால் வருகின்றன.

முயல் தனியாக வாழப் பிறந்த பிராணி இல்லை. நாம் வீட்டில் வளர்க்கும் முயல்கள் எல்லாம் ஐரோப்பியக் காட்டு முயலின் வழித்தோன்றல்கள். அவை மண்ணுக்குள் வளை தோண்டிச் சிறு கூட்டங்களாக வாழ்பவை. ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும். ஒட்டிப் படுத்துத் தூங்கும். ஆபத்து என்றால் ஒன்று பின்னங்காலால் தரையை அறைந்து மற்றவற்றை எச்சரிக்கும். ஒற்றை முயலுக்கு மனிதன் எவ்வளவு நேரம் ஒதுக்கினாலும் இன்னொரு முயல் தருவதைத் தர முடியாது. ஆகவே துணை வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அதே கூட்டத்துக்குள் கடுமையான படிநிலையும் இருக்கிறது. ஆண்களுக்குள் ஒரு வரிசை, பெண்களுக்குள் ஒரு வரிசை. பெண்கள் குட்டி ஈனும் வளைக்காகவே ஒன்றோடொன்று மோதுகின்றன. திறந்த வெளியில் தோற்ற முயல் ஓடிப்போய்த் தப்பிக்கும். கூண்டுக்குள்ளும் அறைக்குள்ளும் ஓட இடம் ஏது? இதை மறந்துவிட்டுத்தான் பலர், “முயல் சாதுவான பிராணி, இரண்டையும் ஒன்றாக விட்டால் தானாகப் பழகிவிடும்” என்று சொல்கிறார்கள். வயதுக்கு வந்த இரண்டு முயல்கள் சண்டையிடுவதை ஒரு முறை பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ரோமம் பறக்கும், காது கிழியும். ஆண்கள் எதிரியின் விதைப்பையைக் குறிவைத்தே கடிக்கும்.

இதில் மிகவும் வருத்தமான கதை உடன்பிறந்த குட்டிகளுடையது. ஒரே ஈற்றில் பிறந்தவை, ஒரே தட்டில் தின்றவை, ஒன்றின்மேல் ஒன்றாகத் தூங்கியவை. சிறிய இனங்கள் 4 மாதத்திலும், நடுத்தர இனங்கள் 4 முதல் 6 மாதத்திலும் வயதுக்கு வருகின்றன. பெரிய இனங்களுக்கு இன்னும் சில மாதங்கள் கூடுதலாகும். அதுவரை இருந்த ஒட்டுறவு அந்தச் சமயத்தில் முறிந்துபோகும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் உடன்பிறப்பு என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. குட்டிகளின் பாலினத்தைத் தவறாகச் சொல்லி விற்பதும் கொடுப்பதும் சாதாரணமாக நடக்கிறது. “இரண்டும் பெண்தான்” என்ற வாக்கை நம்பாமல், 10 வாரம் ஆவதற்குள் மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏறத்தாழ அந்த வயதில்தான் ஆண் குட்டியின் விதைகள் கீழே இறங்கத் தொடங்குகின்றன.

இனப்பெருக்கம் என்று வரும்போது முயலின் உடல் அமைப்பு நம் அவகாசத்தை மிகவும் சுருக்கிவிடுகிறது. பெண் முயலுக்கு மாதச் சுழற்சி என்று ஒன்று இல்லை. இணை சேர்வதே சினைமுட்டை வெளிப்படுவதற்கான தூண்டுதல். சேர்ந்து 10 முதல் 13 மணி நேரத்தில் முட்டை வெளியாகிவிடும். கர்ப்பம் 30 முதல் 32 நாள். ஈன்ற சில மணி நேரத்துக்குள் அது மறுபடியும் கர்ப்பம் தரிக்கலாம். “கொஞ்ச நேரம்தானே சேர்த்து விட்டோம்” என்பதற்கு இங்கே பொருளே இல்லை; இணை சேரச் சில வினாடிகள் போதும்.

ஆணுக்கு விதை நீக்கிய உடனே ஆபத்து நீங்கிவிடும் என்று நினைப்பதும் சரியல்ல. குழாய்களில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் சில வாரங்கள் உயிரோடு இருக்கும். அதனால் கருத்தடை செய்யாத பெண்ணிடமிருந்து அந்த ஆணை 4 முதல் 6 வாரங்கள் பிரித்து வைக்கச் சொல்கிறார்கள். நான் 6 வாரத்தையே பிடித்துக்கொள்கிறேன்.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். ஆணுக்கு மட்டும் செய்தால் பெண்ணுக்கு என்ன ஆகிறது?

முட்டை வெளியாவதற்குத் தூண்டுதல்தான் முக்கியம் என்றேன் அல்லவா? அந்தத் தூண்டுதல் விதை நீக்கப்பட்ட ஆணிடமிருந்தும் வரலாம், இன்னொரு பெண்ணிடமிருந்தும் வரலாம். மேலேறுவது அவற்றுக்கு ஆதிக்கத்தைக் காட்டும் வழியும்கூட என்பதால், கருத்தடை ஆன ஆணும் மேலேறத்தான் செய்யும். கருப்பையும் சூலகமும் உள்ள பெண் முயலின் உடல் உடனே கர்ப்பமானதாக எண்ணிக்கொள்கிறது. இந்தப் பொய்க் கர்ப்பம் 16 முதல் 18 நாள்வரை நீடிக்கும்.

அதன் கடைசி நாட்களைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். என் பெண் முயல் மல்லிக்கு அறுவை செய்வதற்கு முன்பு அவளிடம் நான் பார்த்தது இது. காய்ந்த புல்லை நீள நீளமாக வாயில் அள்ளிக்கொண்டு, மீசைபோல இரு பக்கமும் தொங்க, மூலைக்கும் நடுவுக்குமாக நடப்பாள். எங்கே வைப்பது என்று முடிவாகாமல் இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பாள். பிறகு தாடைக்குக் கீழே தொங்கும் மடிப்பிலிருந்து தன் ரோமத்தைத் தானே பிடுங்கத் தொடங்குவாள். தலையைக் குனிந்து, ஒரு கொத்தைப் பல்லால் பற்றி, சட்டென்று இழுப்பாள். புல்லுக்கு மேலே பஞ்சு மெத்தையாகக் குவியும். நெஞ்சில் இளஞ்சிவப்புத் தோல் திட்டுத்திட்டாகத் தெரியும். தட்டை எடுக்கக் கை நீட்டினால் உறுமிக்கொண்டு முன்னங்கால்களால் அறைவாள். வராத குட்டிகளுக்காக ஓர் உடம்பு இத்தனை பாடுபடுவதைப் பார்த்தவர்களுக்கு, “பெண்ணுக்கு எதற்கு?” என்ற கேள்வியே எழாது. அந்த நிலையில் இருக்கும் பெண்ணோடு ஒரே கூண்டில் விடப்பட்ட ஆணின் பாடும் எளிதல்ல. கூட்டைக் காக்கிறோம் என்ற எண்ணத்தில் அவள் அவனை விரட்டி விரட்டிக் கடிப்பாள். நம் கண்ணுக்கோ, முயல் காரணமில்லாமல் மூர்க்கமாகிவிட்டது போலத் தெரியும்.

அடுத்தது புற்றுநோய். பெண் முயல்களுக்கு வரும் புற்றுநோய்களில் கருப்பைப் புற்றுநோயே அதிகம். இனத்தையும் வயதையும் பொறுத்து அளவு மாறுபடுகிறது. சில இனங்களில் 4 வயதைக் கடந்த பெண் முயல்களில் 60 சதவீதம்வரைகூடப் பதிவாகியிருக்கிறது. வீட்டு முயல் நல்ல பராமரிப்பில் 8 முதல் 12 ஆண்டுகள் வாழக்கூடியது. அதாவது வாழ்நாளின் பாதியை எட்டும்போதே இந்த ஆபத்து வாசலில் வந்து நிற்கிறது. முயல் தன் நோயை வெளியே காட்டாது. காட்டினால் வேட்டை விலங்கின் கண்ணில் படும் என்பதால் மறைக்கவே பழகிய இனம் அது. பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம் தெரியும்போதுதான் நமக்குச் செய்தி வருகிறது. கட்டி அதற்குள் நுரையீரலுக்குப் பரவியிருக்கலாம். (சில கீரைகளின் நிறமிகளாலும் முயலின் சிறுநீர் ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ போகும், அது ஆபத்தில்லாதது. இரண்டையும் பரிசோதனையில் பிரித்தறிய முடியும். நீங்களே முடிவு செய்யாதீர்கள்.) கருப்பையை எடுத்துவிட்டால் அதில் புற்றுநோய் வர வழியில்லை. மருத்துவத்தில் இவ்வளவு நேரடியான தடுப்பு அரிதாகத்தான் கிடைக்கிறது. பெண் முயலுக்கு 4 முதல் 6 மாத வயதில் செய்வதே பரவலான வழக்கம். வயது கடந்துவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். முதலில் இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்து, நுரையீரல் சுத்தமாக இருந்தால் செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

மயக்க மருந்துப் பயத்தைப் பற்றி மழுப்பாமல் பேச வேண்டும். பிரிட்டனில் நடந்து 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மயக்க மருந்து தொடர்பான இறப்பு நாய்களில் 0.17 சதவீதம், பூனைகளில் 0.24, முயல்களில் 1.39 என்று கண்டது. ஆரோக்கியமான முயல்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 0.73 சதவீதம். நாய், பூனையைவிட முயலுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. இதை மறைத்து யாரையும் அறுவைக்கு அனுப்ப நான் விரும்பவில்லை. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது: முயல்களின் இறப்பில் பாதிக்கு மேல் அறுவை முடிந்த பிறகே நிகழ்ந்திருக்கின்றன. கத்தியைவிட, பிந்தைய மணி நேரங்களின் கவனிப்பில்தான் உயிர் தங்கியிருக்கிறது. அந்தக் கவனிப்பில் ஒரு பங்கு மருத்துவருடையது, மறுபங்கு நம்முடையது.

ஆகவே மருத்துவரைத் தேர்ந்தெடுப்பதில் கூச்சப்படாதீர்கள். நாய்க்கும் பூனைக்கும் அற்புதமாகச் செய்பவர் முயலுக்கும் அப்படியே செய்வார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முயல்களுக்கு அடிக்கடி அறுவை செய்கிறாரா என்று கேளுங்கள். அறுவைக்கு முன் பட்டினி போட வேண்டுமா என்றும் கேளுங்கள். எனக்கு இதுதான் உரைகல். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதனால் நாய்க்குச் சொல்வதுபோல இரவு முழுவதும் பட்டினி போடத் தேவையே இல்லை. பட்டினி போட்டால் குடலின் அசைவு மந்தமாகி அதுவே உயிருக்கு உலை வைக்கும். “முந்தின நாள் இரவிலிருந்து எதுவும் கொடுக்காதீர்கள்” என்று சொல்லும் இடத்திலிருந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வலிநிவாரணியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுங்கள். வலி இருந்தால் முயல் தின்னாது. தின்னாவிட்டால் குடல் நின்றுவிடும். அறுவை நாளன்று ஓர் ஊசியோடு நிறுத்தாமல், வீட்டிலும் சில நாட்கள் கொடுக்க மெலாக்சிகாம் போன்ற மருந்து தருகிறார்களா என்று பாருங்கள். பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்குகளை, அமாக்சிசிலின் உட்பட, முயலுக்கு வாய் வழியாகக் கொடுக்கவே கூடாது. குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து நச்சுக் கிருமிகள் பெருகிவிடும். மருந்துச் சீட்டில் அந்தப் பெயரைக் கண்டால் வாங்குவதற்கு முன் கேளுங்கள். ஆண் முயலுக்கு இன்னொரு விவரம் உண்டு. விதைகள் வயிற்றுக்குள் போய்வரும் வழி அதற்கு வாழ்நாள் முழுவதும் திறந்தே இருக்கும். குடல் அந்த வழியாக இறங்கிவிடாதபடி அதற்கேற்ற முறையில் செய்ய வேண்டும். பழகிய மருத்துவருக்கு இதை நாம் சொல்லத் தேவையிருக்காது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் பார்ப்பது இரண்டே இரண்டு: வாயில் என்ன போகிறது, பின்னால் என்ன வருகிறது. மல்லியை அழைத்து வந்த மாலை, தரையில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான மூலையில் அவளை வைத்தேன். குதித்து ஏற எதுவும் இல்லாத தளம். காதுகளைப் பின்னால் சாய்த்து, கண்களைப் பாதி மூடி, முதுகைக் குவித்து உட்கார்ந்திருந்தாள். பல்லைக் கடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கிட்டத்தில் வைத்துக் கேட்டேன். முயல் சுகமாக இருக்கும்போதும் பல்லை உரசும். அது மெல்லிய, வேகமான ஒலி. வலியில் கடிப்பது சத்தமாகவும் விட்டுவிட்டும் வரும். அவளுக்குப் பிடித்த கீரையின் ஓர் இலையை உதட்டில் தொட்டபோது முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். நோயில் இருக்கும் முயல்களுக்கென விற்கும் புல் மாவை வெந்நீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுத்தேன். நேராக உள்ளே அழுத்தினால் மூச்சுக்குழாயில் போய்விடும். மென்று விழுங்க நேரம் கொடுத்துத்தான் அடுத்த சொட்டு. நள்ளிரவு தாண்டித் துண்டின் ஓரத்தில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாகச் சில புழுக்கைகள் கிடந்தன. கொஞ்சம் கழித்து அவளே ஒரு புல்லை இழுத்து மெல்லும் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் நான் படுத்தேன்.

12 மணி நேரம் எதுவும் தின்னவில்லை, புழுக்கை போடவில்லை என்றால் காலைவரை காத்திருக்கக் கூடாது. அது அவசர நிலை. தையலைத் தினமும் காலையும் மாலையும் பாருங்கள். நாய்க்குப் போடும் கழுத்துக் கூம்பு முயலுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. குதத்திலிருந்து நேரடியாக எடுத்துத் தின்னும் மென்மையான புழுக்கைகள் அதன் அன்றாட உணவின் ஒரு பகுதி. கூம்பு அதைத் தடுத்துவிடும். தோலுக்கு அடியில் மறைவாகத் தைப்பதே மேல்.

இரண்டு முயல்களுக்கும் அறுவை முடிந்தது. உடனே சேர்த்துவிடலாமா என்றால், கூடாது. வெளிப்புண் ஆறச் சுமார் 10 நாள் போதும். இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அடங்குவதற்கு 4 முதல் 6 வாரங்கள், சிலவற்றுக்கு இன்னும் அதிகமாகக்கூட ஆகும். பொறுமை இழந்து இந்த இடைவெளியில் சேர்த்து, பெரிய சண்டையைப் பார்த்துவிட்டு, “அறுவை செய்தும் பலனில்லை” என்று முடிவுகட்டுபவர்கள் நிறைய. முயல் அந்தச் சண்டையை மறப்பதில்லை. முதல் சந்திப்பு கெட்டுப்போனால் பிறகு சேர்ப்பது பல மடங்கு கடினம்.

காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடைப்புகள். நடுவில் மூக்கையோ விரலையோ கடிக்க முடியாத அளவுக்கு இடைவெளி. மல்லிக்கும் அவளோடு சேர்க்க நினைத்த ஆண் முயல் கரியனுக்கும் கழிப்புத் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தேன். முதலில் கரியன் அவள் தட்டை முகர்ந்து, மேலேயே தன் புழுக்கையைக் கொட்டித் தன்னுடையதாக்கிக்கொண்டான். நாள் செல்லச் செல்ல அந்த வாசனை அவனுக்கு ஒரு பொருட்டாக இல்லாமல் போயிற்று. வேலியின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் உணவு வைத்தால் முகத்துக்கு முகம் தின்னப் பழகும். இரண்டும் வேலியை ஒட்டி நீட்டிப் படுக்கத் தொடங்கினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

முதல் சந்திப்பு இரண்டுக்குமே சொந்தமில்லாத இடத்தில் நடக்க வேண்டும். ஓரளவு மேலேறுவதையும் துரத்துவதையும் பொறுத்துக்கொள்ளலாம். படிநிலையை அவை அப்படித்தான் முடிவுசெய்யும். தலைப்பக்கம் மேலேறினால் மட்டும் உடனே நகர்த்திவிடுங்கள். கீழே இருப்பது பிறப்புறுப்பைக் கடித்துவிடும் ஆபத்து உண்டு. வால் நிமிர்ந்து, காது பின்னால் ஒட்டி, இரண்டும் ஒன்றையொன்று வட்டமாகச் சுற்றத் தொடங்கினால் அடுத்த நொடி சண்டைதான். வெறும் கையை நுழைக்காமல், தடிமனான துண்டைப் போட்டுப் பிரித்துவிடுங்கள். இரண்டையும் ஒரு பெட்டியில் போட்டுக் காரில் சுற்றினால் பயத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு வழி சொல்லப்படுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்தில் உறைந்து உட்கார்ந்திருப்பதை நட்பு என்று எண்ணிவிடக் கூடாது.

எந்த ஜோடி எளிதில் சேரும் என்றால், கருத்தடை செய்த ஆணும் கருத்தடை செய்த பெண்ணும்தான். இரண்டு பெண்களும் இரண்டு ஆண்களும்கூடச் சேர்ந்து வாழ்வது உண்டு. இரண்டுக்கும் அறுவை ஆகியிருக்க வேண்டும், பொறுமையும் கூடுதலாக வேண்டும். சில ஜோடிகளுக்குச் சில நாட்கள், சிலவற்றுக்குச் சில மாதங்கள். கரியன் ஒரு நாள் மல்லியின் முன் தலையைத் தரையோடு தாழ்த்தி, அசையாமல் கிடந்தான். என்னை நக்கு என்று முயல் கேட்கும் விதம் அது. அவளும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். இரண்டும் நெற்றிக்கு நெற்றி வைத்து வெகுநேரம் கிடந்தன. விட்டுக்கொடுத்தவள் மல்லிதான், அவன் கண்ணோரத்தை நக்கத் தொடங்கினாள்.

சேர்ந்த பிறகு அவற்றைப் பிரிக்காதீர்கள். ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றாலும் மருத்துவரிடம் இரண்டையும் ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் போய்விட்டு மருத்துவமனை வாசனையோடு திரும்பினால், வீட்டில் இருந்தது அதை அந்நியமாக எண்ணித் தாக்கக்கூடும். ஒன்று அங்கேயே தங்க நேர்ந்தால், மற்றதையும் உடன் வைக்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முயல்களை அறிந்த மருத்துவர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள்.